பித்தளை வளையத்துக்கு எத்தனை பெயர்

புனேயில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் என்னிடம் ஆய்வுத் தலைப்பு என்னவென்று கேட்பவர்களுக்கு, “மோட்டார் பட்டறைகளின் தொழிற்சொற்கள்” என்று விடை சொல்வது வழக்கம். அதற்கு மேலும் கேட்பவர்களுக்கே முழு விடை கிடைக்கும். சிறிய, வேகமான கார்களின் கியர்பாக்ஸையும் இன்ஜினையும் பிரித்து, அளந்து, புதுப்பித்து, மறுபடி கட்டித் தரும் ஒரு பட்டறையில் பதினான்கு மாதங்களாக உட்கார்ந்திருக்கிறேன். மொழியியலில் முதுகலை முடித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று துறைக்குள்ளும் வீட்டிலும் கேட்கிறார்கள். இந்தப் பதிவு அதற்கான விடை. அந்தப் பட்டறையில் பணிபுரியும் ஓர் இளைஞனுக்கு அண்மையில் நேர்ந்ததைப் பற்றிய குறிப்பும் இதில் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். பதிவு நீளமானது. கியர்பாக்ஸ் பற்றி ஏதும் அறியாதவர்களும் படிக்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

முதலில் வண்டிகளைப் பற்றி. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் காரை எடுத்து, அதன் உருவத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, வலிமையான இன்ஜினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் பொருத்தினால் கிடைப்பதே ஹாட் ஹாட்ச். இந்த வகைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1976-இல் விற்பனைக்கு வந்தது. 1588 சிசி இன்ஜின், 110 குதிரைத் திறன். 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்று தொடங்கினார்கள். முதல் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்தைத் தாண்டியது. 1984-இல் பெஜோ 205 ஜிடிஐ வந்தது. 1997-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், டர்போ இல்லாத 1595 சிசி இன்ஜினிலிருந்து 185 குதிரைத் திறனை எடுத்துக் காட்டியது. இந்தியாவில் 2001-இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 வடிவமும், 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-யும் இந்த மரபின் உள்ளூர்க் கிளைகள். பின்னது புனேக்கு அருகில் சாகனில் உருவானது. 2022-இல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது.

நின்றுபோன வண்டிகள் சாலையிலிருந்து மறைந்துவிடுவதில்லை. புதிதாய் வாங்க இயலாதவர்களின் கைக்கு இரண்டாம், மூன்றாம் உடைமையாக வந்து சேர்கின்றன. அதன்பின் தேய்மானம் என்ற இயற்கை தன் வேலையைத் தொடங்குகிறது. உதிரிபாகங்களுக்கு நானா பேட்டையின் கடைகளையும், கடைசல் வேலைக்குப் போசரியின் லேத்துப் பட்டறைகளையும் நம்பி, இந்நகரில் ஒரு சிறு உலகம் இயங்குகிறது. என் களம் அந்த உலகத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் தலைவரை அனைவரும் உஸ்தாத் என்கிறார்கள். அறுபதை நெருங்கியவர். என்னைப் பேட்டா என்று அழைப்பார். அவரிடம் ஆறாண்டுகளாகத் தொழில் கற்கும் இருபத்துமூன்று வயது இளைஞன் என்னை மராத்தி வழக்கப்படி ‘தாயி’ என்பான். அச்சொல்லுக்கு அக்கா என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது ஒரு தலைமுறையைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறது என்று சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். ஆய்வு நெறியை முன்னிட்டு அவனது பெயரைத் தவிர்த்து, இங்கே தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

பட்டறையின் மொழி இந்தியும் மராத்தியும் தக்கணி உருதுவும் ஆங்கிலமும் கலந்தது. நான் கோவையில் வளர்ந்தவள். அங்கே இன்ஜினை ‘இறக்குவார்கள்’, ‘பிரிப்பார்கள்’, வேலை முடிந்ததும் ‘ஏற்றுவார்கள்’. இங்கே இன்ஜினைத் ‘திறக்கிறார்கள்’. வேலை முடிந்ததும் ‘கட்டுகிறார்கள்’. மூட்டை கட்டுவதற்கும் முடிச்சுப் போடுவதற்கும் வழங்கும் ‘பாந்த்னா’ என்ற அதே வினைதான் இங்கே இன்ஜினுக்கும். ஒரே செயலைக் கோவை மேல்–கீழ் அசைவாகவும் புனே திறத்தல்–கட்டுதலாகவும் காண்கின்றன. இவ்வகை வேறுபாடுகளைத் திரட்டுவதே என் ஆய்வின் தொடக்கத் திட்டமாக இருந்தது. ஆனால் சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவை சுட்டும் பொருள்களைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். ஆகவே கியர்பாக்ஸுக்குள் போக வேண்டியிருந்தது.

இவ்வகைக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் குறுக்கே அமர்ந்திருக்கும். கியர்பாக்ஸ் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். டிஃபரென்ஷியலும் அதே கூட்டுக்குள் அடங்கும். கையால் கியர் மாற்றும் பெட்டியில், முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் கியர் மாற்றுகிறோம் என்று சொல்லும்போது உள்ளே எந்தச் சக்கரமும் இடம் மாறுவதில்லை. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் இணைகளுள் எது தண்டோடு பூட்டப்பட வேண்டும் என்பது மட்டுமே மாறுகிறது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை நேரடியாகப் பூட்ட முயன்றால் பற்கள் மோதிக் கரகரக்கும். அதைத் தடுக்க இடையில் ஒரு வளையம் உண்டு. பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் பித்தளை. அதன் உட்புறம் கூம்பு வடிவம். கியரின் கூம்பின்மேல் அது உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை தன் பற்களால் வழியை மறித்து நிற்கிறது. சமமானதும் வழி விடுகிறது. கியர் கம்பியில் நம் கை உணரும் ஒரு நொடி எதிர்ப்பும், பிறகு வரும் இணக்கமும் அந்த வளையத்தின் வேலை.

வளையம் தேயும்போது முதலில் இரண்டாம் கியரில் அது வெளிப்படும். நகர நெரிசலில் அதிகம் புழங்குவது அது. முதல் இரண்டு கியர்களுக்கிடையே விகித வேறுபாடும் பெரிது. ஆகவே சமப்படுத்த வேண்டிய வேகமும் மிகுதி. தேய்மானத்தை அறிய, வளையத்தைக் கூம்பின்மேல் கையால் அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் பூட்டுப் பற்களுக்கும் இடையிலுள்ள சந்தில் ஃபீலர் கேஜின் தகடுகளை நுழைத்துப் பார்க்கிறார்கள். புதிதாயிருக்கையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும் இடைவெளி, பல பெட்டிகளில் 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் வளையம் கழிவுதான். தம்பி கேஜை எடுக்கும் முன்பே வளையத்தைக் கூம்பின்மேல் வைத்துத் திருகிப் பார்த்து, “இது போய்விட்டது” என்பான். பிறகு அளந்தும் காட்டுவான். நான் உடனிருந்து குறித்துவைத்தவரை, கையின் தீர்ப்பும் கேஜின் தீர்ப்பும் ஒருமுறைகூட மாறுபடவில்லை. ஆயினும் அளக்காமல் எதையும் கட்ட உஸ்தாத் விடுவதில்லை. கை முதலில் சொல்லலாம், ஆனால் கடைசியில் சொல்லக் கூடாது என்பது அவரது விதி.

அளவைப் பற்றிய பட்டறைச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ப்ளே’. இரு உறுப்புகளுக்கிடையே எஞ்சியிருக்கும் அசைவிடத்தை இச்சொல் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அதே சொல் விளையாட்டையும் குறிக்கும். புனேயின் பட்டறைக்குள் வரும்போது விளையாட்டுப் பொருளை வெளியே விட்டுவிட்டு, அசைவுப் பொருளை மட்டும் கொண்டுவந்திருக்கிறது. கோவையில் இதையே ‘ஆட்டம்’ என்கிறார்கள்: “பேரிங்குல ஆட்டம் இருக்கு.” தமிழின் ஆட்டமும் விளையாட்டு, நடனம், அசைவு என்ற மூன்றையும் சுமக்கிறது. கடன் வாங்காமலேயே அதே பொருட்பரப்பு தமிழில் அமைந்திருப்பது தற்செயலா, மொழிபெயர்ப்பின் சுவடா என்பது என் ஆய்வேட்டில் தனி இயலுக்குரிய கேள்வி. இங்கே சொல்ல வருவது வேறு. ஆட்டம் என்பது குறையாக மட்டும் கருதப்படுவதில்லை. ஆட்டமே இல்லாத இயந்திரம் இயங்காது.

தண்டுகளைத் தாங்கும் கூம்புருளை பேரிங்குகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பின்னால் வைக்கும் ஷிம் எனும் மெல்லிய தகட்டின் தடிமனைக் கொண்டே தண்டின் இறுக்கம் தீர்மானிக்கப்படுகிறது. தளர்வாக வைத்தால் தண்டு நகரும், பற்கள் பொருந்த வேண்டிய இடத்தில் பொருந்தாமல் ஓரத்தில் சுமை ஏறும். மிகையாக இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. கூடு அலுமினியம், தண்டு எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைவிடக் கூடுதலாக விரியும். குளிர்ந்த நிலையில் வைத்த இறுக்கம் ஓடும்போது தளரும். ஆகவே குளிரில் வைக்கும் அளவு, சூட்டில் வேண்டிய அளவை முன்னறிந்து வைக்கப்பட வேண்டும். இன்ஜினிலும் இதே கதை. பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கிடையே ஓர் இடைவெளி விடப்படுகிறது. டர்போ இல்லாத சாலை வண்டிக்கு, 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். டர்போ பொருத்திய இன்ஜினுக்குக் கூடுதல் இடைவெளி வேண்டும், ஏனெனில் வெப்பம் மிகுதி. இடம் போதாவிட்டால் வளையத்தின் முனைகள் சூட்டில் ஒன்றையொன்று முட்டும். அப்போது உடைவது பிஸ்டன்.

இதுவரை சொன்னது புதுப்பித்தல். அடுத்தது மேம்படுத்தல். இளைஞர்கள் தேடி வருவது பெரும்பாலும் இதற்கே. மடிக்கணினியை இணைத்து இன்ஜினின் மென்பொருளை மாற்றி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் ஒரு பிற்பகலில் திறன் கூடிவிடுகிறது. ஆனால் கூடிய முறுக்கு விசை இன்ஜினோடு நின்றுவிடுவதில்லை. முதலில் கிளட்ச் வழுக்கும். வலிமையான கிளட்ச் போட்டால் சுமை கியரின் பற்களுக்குப் போகும். பற்களை மாற்றினால் டிஃபரென்ஷியலுக்கு. அதற்கடுத்து அச்சுத்தண்டுகள், டயர்கள், பிரேக்குகள். போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது. அதன் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. இடையிலுள்ள 75 தான் ‘ஆட்டம்’. அதை முழுதும் செலவழித்தவனுக்குப் பெட்டியில் ஏதும் மிச்சமில்லை. பழைய கோல்ஃப் வண்டிகளைக் கட்டுவோர் அனைவரும் அறிந்த வரலாறு ஒன்று உண்டு. டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரம் அவற்றில் ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. இன்ஜினின் திறனைக் கூட்டியவர்களுக்கு உடைந்தது இன்ஜின் அன்று, அந்த ரிவெட்டு. உடைந்த துண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே பெட்டியைத் திறக்கும் வாய்ப்பு வாய்க்கும்போதே ரிவெட்டுகளை எடுத்துவிட்டுப் போல்ட்டுகளைப் போடுவது அங்கே மரபாகிவிட்டது.

கியர் விகிதத்தை மாற்றுவதும் அவ்வாறே. இறுதி விகிதத்தை 3.9-இலிருந்து 4.4-ஆக உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். வண்டி சீறிப் பாயும். அதே மாற்றத்தால், விரைவுச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றிய இன்ஜின் இப்போது 3400-ஐ நெருங்கும். எரிபொருளும் காதும் அதற்கு விலை கொடுக்கும். எண்ணெயிலும் இந்தப் பாடம் உண்டு. ஜிஎல்-5 என்ற தரம் ஜிஎல்-4-ஐவிட எண்ணில் உயர்ந்தது என்பதால் அதுவே மேலானது என்று எண்ணுபவர் பலர். மிகு சுமைக்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் கூடுதலாக உள்ளன. பின் அச்சின் பல்சக்கரங்களுக்கு அவை நல்லவை. பித்தளை வளையத்தை அவை அரிக்கக்கூடும். உரசி வேலை செய்ய வேண்டிய வளையத்துக்கு வழுக்கல் மிகுந்த எண்ணெய் உதவாது. உயர்ந்த பொருள் என்று தனியே ஏதும் இல்லை, இந்த இடத்துக்குப் பொருந்தும் பொருள் என்பதே உண்டு.

மொழியியல் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ நினைவுக்கு வந்திருக்கும். சசூரின் விரிவுரைகள் 1916-இல் நூலானது முதல், மொழியை ஒன்றையொன்று பற்றி நிற்கும் உறுப்புகளின் அமைப்பாகக் காணப் பழகியிருக்கிறோம். ஒரு சொல்லின் மதிப்பு அதன் அண்டைச் சொற்களால் வரையறுக்கப்படுகிறது. ஓர் ஒலி தன் இடத்தை விட்டு நகர்ந்தால் பக்கத்து ஒலியைத் தள்ளும், அல்லது பின்னே இழுக்கும் என்பதை ஆந்த்ரே மார்த்தினே 1955-இல் விரிவாக விளக்கினார். வகுப்பறையில் இதைப் படித்தபோது வரைபடத்திலுள்ள அம்புக்குறியாகவே எனக்கு அது விளங்கியது. தள்ளப்படும் உறுப்பு உடையவும் கூடும் என்பதைப் பட்டறையில் தெரிந்துகொண்டேன்.

உஸ்தாத் இந்த அமைப்பு நியதியை நூலின்றி அறிந்தவர். திறனைக் கூட்ட வரும் இளைஞரிடம் அவர் கேட்பது மூன்று கேள்விகள்: வண்டி சாலையில் ஓடுமா, பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுமா? பிரேக்கை எப்போது மாற்றினீர்கள்? வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்? சாலைக்கு என்றால் அவர் தொழிற்சாலை அளவுக்குப் புதுப்பித்துத் தருவதோடு நிறுத்திக்கொள்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியதும் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் இதையே செய்வார் என்று நினைக்கிறேன். கட்டிய கை தன்னுடையது என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

இனி தம்பியைப் பற்றி.

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் அவன். ஒலியைக் கேட்டுக் கோளாறு சொல்வதில் அவனுக்கு இணையாக அப்பகுதியில் உஸ்தாத் ஒருவரே உண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது வரும் இரைச்சல், கிளட்ச் பெடலை மிதித்ததும் நின்றால் உள்தண்டின் பேரிங். மிதித்தால்தான் இரைச்சல் வருமென்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். வளைவில் மட்டும் கேட்டால் டிஃபரென்ஷியலிலோ அச்சுத்தண்டின் மூட்டிலோ தேட வேண்டும். இவற்றையெல்லாம் அவன் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்துகிறான். ‘ரோனா’ என்றால் அழுகை, சீராக நீளும் இரைச்சலுக்கு. ‘காட்னா’ என்றால் கடித்தல், பற்கள் மோதுவதற்கு. ஒலிகளுக்கு மட்டும் அவனிடமிருந்து நான் திரட்டிய சொற்கள் என் குறிப்பேட்டில் நான்கு பக்கங்கள்.

சென்ற ஆண்டு ஓர் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் அவனுக்கு வேலை வாய்ப்பு வந்தது. நிலையான ஊதியம், வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு. பட்டறையில் இவற்றுள் ஏதும் இல்லை. போய்ச் சேரும்படி உஸ்தாதே சொன்னார். தேவைப்பட்டது ஒரு திறன் சான்றிதழ் மட்டுமே. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைத் தேர்வு செய்து சான்றளிக்கும் முறை நம் நாட்டில் சில ஆண்டுகளாக இருக்கிறது. நல்ல நோக்கம் கொண்ட முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன் விண்ணப்பித்தான். செய்முறைத் தேர்வில் குறை ஏதும் இல்லை. எழுத்துத் தேர்வு திரையில் நடந்தது. இந்தியைத் தெரிவு செய்தான்.

கேள்விகளுள் ஒன்று ‘துல்யகாலன்’ வளையத்தின் பணி யாது என்பது. சின்க்ரோனைசேஷன் என்பதற்கு அமைக்கப்பட்ட சமஸ்கிருதச் சொல் அது: துல்யம் என்றால் சமம், காலம் என்றால் காலம். படித்தவர்களுக்குத் தெளிவான ஆக்கம். தம்பி அச்சொல்லை அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் அதில் ‘காலம்’ இருப்பதைக் கண்டான். காலத்தோடு தொடர்புடையது பட்டறையில் ஒன்றே ஒன்றுதான்: டைமிங். கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் ஒத்த கணக்கில் ஓடவைக்கும் பெல்ட்டின் விவகாரம் அது. ஆகவே வால்வுகள் உரிய நேரத்தில் திறப்பதை உறுதி செய்வது என்ற விடையைத் தெரிவு செய்தான். நூற்றுக்கணக்கான முறை தன் கையால் அழுத்தித் திருகிப் பார்த்த பித்தளை வளையத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பட்டறையில் அதன் பெயர் ‘பீதல் ரிங்’, பித்தளை வளையம். இப்படி வேறு சில கேள்விகளும். எழுத்துப் பகுதியில் மிகச் சில மதிப்பெண்களில் தவறினான். பணிமனையின் இடம் வேறொருவருக்குப் போயிற்று.

அவன் மொழி அறியாதவன், ஆகவே தவறினான் என்று இதைச் சுருக்க முடியாது. அவன் செய்த ஊகம் மொழியியல் நோக்கில் மிகச் சரியான ஊகம். அறியாத சொல்லைப் பிரித்தான். அறிந்த உறுப்பைக் கண்டான். தன் சொற்களஞ்சியத்தில் அந்த உறுப்புக்குரிய இடத்தில் கொண்டுபோய் வைத்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே டைமிங் உட்கார்ந்திருந்தது. சொல்லை ஆக்கியவர்கள் மூலச் சொல்லின் வேரைப் பார்த்தார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் அண்டை வீட்டார் யார் என்று பார்க்கவில்லை. எண்ணில் உயர்ந்த எண்ணெயைப் பித்தளை வளையமுள்ள பெட்டியில் ஊற்றுவதும் இதுவும் ஒரே வகைச் செயல். பொருளில் குற்றமில்லை, பொருத்தும் முன் அளக்கவில்லை.

இதைக் கலைச்சொல்லாக்கத்துக்கு எதிரான வாதமாக யாரும் கொள்ள வேண்டாம். தாய்மொழியில் தொழிற்கல்வி வேண்டும் என்பதில் எனக்கு இரு கருத்து இல்லை. நன்றாக அமைந்த சொற்களும் உள்ளன. தமிழில் பேரிங்குக்கு வழங்கும் ‘தாங்கி’யைப் பாருங்கள். பட்டறையில் அது புழங்காவிட்டாலும், சுமைதாங்கி என்ற சொல்லை அறிந்தவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை; அதன் இடத்தில் போட்டியிடும் வேறு சொல்லும் இல்லை. ஆட்டமும் அப்படியே. ‘இடைவெளி’ என்று பாடநூல் எழுதும் இடத்தில் ‘ஆட்டம்’ என்று எழுதியிருந்தால், அளவையும் அசைவையும் ஒரே சொல்லில் மாணவர் பெற்றிருப்பர். ஒரு சொல் நல்லதா என்பதை அதன் வேரை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. அது நுழையப்போகும் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே உள்ள சொற்களுக்கிடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அண்மையில் என் ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், இச்சொற்பட்டியலின் கோட்பாட்டுப் பங்களிப்பு என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேலே எழுதியதையே சுருக்கி விடையாகச் சொன்னேன். தொழிற்சொற்கள் தரமொழிச் சொற்களின் சிதைந்த வடிவங்கள் அல்ல. அவை தமக்குள் மதிப்புகளைப் பங்கிட்டுக்கொண்ட தனி அமைப்பு. அந்த அமைப்பைக் கணக்கில் கொள்ளாமல் மேலிருந்து இறக்கப்படும் சொல், அறிவை அறியாமையாகக் காட்டிவிடக்கூடும். இதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று ஒரு விடைத்தாள். அவர் சற்று நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, அந்த இளைஞன் மறுபடி எழுதுகிறானா என்று கேட்டார்.

எழுதுகிறான். மாலையில் பட்டறையின் கதவைப் பாதி இறக்கிய பின், நானும் அவனும் ஒரு நீளக் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டு நிரப்பிவருகிறோம். முதல் பத்தியில் பட்டறைச் சொல். இரண்டாவதில் தேர்வுச் சொல். மூன்றாவது பத்தி அவனது யோசனையால் வந்தது: தேர்வுச் சொல்லைக் கேட்டதும் தவறாக நினைவுக்கு வரும் பொருள். துல்யகாலனுக்கு நேரே மூன்றாம் பத்தியில் டைமிங் பெல்ட் என்று எழுதியிருக்கிறான். எந்த அகராதியிலும் நான் கண்டிராத பத்தி அது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவ்வாறே இடம்பெறும். அவனது பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவனே தீர்மானிப்பான்.

உஸ்தாத் இந்த வேலையை முதலில் வேடிக்கையாகப் பார்த்தார். இப்போது அவரும் சொற்கள் தருகிறார். அவற்றுட் சில கார்புரேட்டர் காலத்தவை, தம்பிக்கே தெரியாதவை. இன்னும் இருபது ஆண்டில் இந்தப் பித்தளை வளையமே எத்தனை வண்டிகளில் இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே விகிதம். மாற்றுவதற்குக் கியரும் இல்லை, சமப்படுத்த வளையமும் இல்லை. அவர் தோளைக் குலுக்கினார். “பேரிங் இருக்கும், பேட்டா. பேரிங் இருந்தால் ப்ளே இருக்கும். ப்ளே இருந்தால் யாராவது அளந்துதானே ஆக வேண்டும்?”

தேர்வு அடுத்த மாதம். அதற்குள் குறிப்பேட்டை இயன்றவரை விரிவாக்க விரும்புகிறேன். ஐடிஐ-க்களில் கற்பிப்போர், பாடநூல் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்போர், பட்டறைகளோடு உறவுள்ள மாணவர்கள் யாராயினும் உதவலாம். உங்கள் ஊரில் அந்தப் பித்தளை வளையத்தை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? கியர் ‘கடிக்கும்’போது என்ன சொல்கிறார்கள்? பேரிங்கின் ‘ஆட்ட’த்துக்கு வேறு சொல் உண்டா? கேட்டு எழுதுங்கள், ஊரின் பெயரையும், சொன்னவர் அத்தொழிலில் எத்தனை ஆண்டு இருக்கிறார் என்பதையும் குறிப்பிட்டால் போதும். சொல்லை நீங்கள் திருத்த வேண்டாம். அவர் சொன்னபடியே அனுப்புங்கள்.